மூன்று நாள் காயட்டும்

மாதவராஜ் காளியனுக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். இருபத்திரண்டு நாள் தச்சுக்கூலி, போய்வந்த பஸ் சார்ஜ் எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பணம் தன்னிடம் இல்லையென்று மாதவராஜ் சொல்லவில்லை. குடுக்க மாட்டன் என்றுதான் சொன்னார். இல்லாதவன் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? இவர் மேல் கோபப்படலாம்.

பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் பின்புறம் அவருடைய மரப்பட்டறை. கட்டில், பீரோ, சாப்பாட்டு மேசை எல்லாம் செய்து விற்பார். பலகை ஏற்றி இறக்குவது என் வேலை. பதினொரு வருஷம் அந்த வண்டியில் ஏறி இறங்கி என் இடது முட்டி தேய்ந்துவிட்டது. எனக்கும் அவர் பாக்கி வைப்பார். நான் கேட்க மாட்டேன். கேட்டால் மறுநாள் என் இடத்தில் வேறு ஆள் நிற்பான். அதனால் இந்த விஷயத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தது கொஞ்சம் ஆசையோடுதான்.

காளியனுக்கு வத்தல்மலை பூர்வீகம். மலைமேல் சாமையும் ராகியும் போட்ட குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு அடிவாரத்தில் வீடு கட்டிக்கொண்டு தச்சுவேலைக்கு வந்தவன். பட்டறையில் அவன் கைக்கு மேல் கை கிடையாது. அவன் மனைவி முனியாயியும் இரண்டு வருஷம் அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை செய்தாள்.

பலகையோடு பலகை சேர்க்க முன்பெல்லாம் காளியன் ஓரத்தில் உளியால் காடி என்கிற பள்ளம் எடுப்பான். ஒரு மேசைக்கே இரண்டு நாள் போகும். பிறகுதான் பிஸ்கட் மெஷின் வாங்கலாமென்று மாதவராஜ் எங்கள் இருவரையும் பெங்களூருக்குக் கூட்டிப்போனார். பழைய மெஷின்கள் விற்கிற தெரு. கைக்கடக்கமான மெஷின் அது. முன்பக்கம் சின்ன வட்டப் பிளேடு உள்ளே ஒளிந்திருக்கும். பலகையின் ஓரத்தில் வைத்து அழுத்தினால் பிறை மாதிரி ஒரு காடி விழும். எதிர்ப் பலகையிலும் அதே இடத்தில் ஒன்று. காடியில் வெள்ளைப் பசை விட்டு, நசுக்கிச் செய்த நீள்வட்ட மரத்துண்டு ஒன்றைச் செருக வேண்டும். பார்க்க பிஸ்கட் மாதிரியே இருக்கும். பசையின் ஈரத்தைக் குடித்து அது ஊதும். ஊதி இரண்டு பலகையையும் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

கடைக்காரன் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தான். மாதவராஜுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. காளியன் அதன் முன்தகட்டைக் கட்டைவிரலால் அசைத்துப் பார்த்தான்.

"இது வேணாங்க."

"ஏன்டா, புதுசு மாதிரி இருக்குது?"

"பலகைமேல படியற தகடு ஆடுதுங்க. ஒரு காடி மேல வுழும், ஒண்ணு கீழ வுழும். சேத்தா படிக்கட்டு மாதிரி நிக்கும்."

அப்புறம் மூலையில் கிடந்த பெயிண்ட் உரிந்த மெஷினை எடுத்தான். கல்மேடையில் வைத்து நாலைந்து முறை அழுத்தி விட்டான். ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங் மெஷினைத் தயங்காமல் பின்னால் தள்ளியது. கடையிலிருந்த துண்டுப் பலகையில் இந்த முனையில் ஒரு காடி, அந்த முனையில் ஒரு காடி போட்டு இரண்டையும் ஸ்கேல் வைத்து அளந்தான். ஆழம் மாற்றுகிற திருகை மூன்று அளவிலும் திருப்பிப் பார்த்தான். பிளேடு சாய்ந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"மாப்ள பாக்கக்கூட இத்தினி நேரம் ஆவாதுடா," என்றார் மாதவராஜ்.

"மாப்ளய மாத்த முடியாதுங்க. மெஷினயாவது பாத்து எடுக்கலாம்."

பதினோராயிரத்து ஐந்நூறுக்கு வாங்கிவந்தோம். இரண்டு வருஷம் அந்த மெஷின்தான் பட்டறைக்குச் சோறு போட்டது.

ஆனி மாதம் தர்மபுரியில் ஒரு வாத்தியார் வீட்டுக்குச் சாப்பாட்டு மேசை. காளியன் ஆறு பலகையைச் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டு மாதவராஜிடம் சொன்னான்.

"மூணு நாள் காயட்டுங்க. பிஸ்கட்டு ஊதி இருக்குது. அதுக்கு மேல இருக்கற மரமும் லேசா எழும்பி இருக்கும். இப்பவே இழைச்சா கண்ணுக்குச் சமமாத்தான் தெரியும். ஈரம் போனப்பறம் அந்த எடம் உள்ள வாங்கிக்கும்."

"ராகி காய வெக்கற கதைய எங்கிட்டச் சொல்றியா? நாளைக்குக் காலைல வண்டி ஏறணும். இழைடா."

"இல்லங்க, குழி வுழும்..."

"மொதலாளி நீயா நானா?"

காளியன் இழைத்தான். முனியாயி உப்புத்தாள் போட்டாள். நான் ஏற்றினேன். ஒரு மாதம் கழித்து வாத்தியார் போன் செய்தார். டியூப்லைட் வெளிச்சம் மேசைமேல் சாய்வாக விழும்போது வரிசை வரிசையாக நீள்வட்டக் குழிகள் தெரிகின்றன, அம்மைத் தழும்பு மாதிரி. போட்டோவும் எடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டார். எல்லோரிடமும் மாதவராஜ் ஒரே பேச்சைத்தான் சொன்னார். மலைக்காரப் பையன், மெஷின் வேலை தெரியாமல் கெடுத்துவிட்டான், கூலியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கூலி போனது ஒரு பக்கம். காளியனிடம் தனியாக வேலை சொல்லியிருந்த ஐந்து வீட்டுக்காரர்களும் வேண்டாமென்றார்கள். மற்றப் பட்டறைகளில் கேட்டால், "குழி வுழுந்த மேசை நீ போட்டதுதான?" என்று சிரித்தார்கள். அவன் ஒசூருக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போனான். பதினான்கு வருஷம் மரம் பிடித்த கை சிமெண்டில் வெந்து தோல் உரிந்தது.

முனியாயி கூலி கேட்டுப் பட்டறைக்கு மூன்று முறை வந்தாள். முதல் முறை உட்காரச் சொன்னார். இரண்டாம் முறை நிற்கவைத்தார். மூன்றாம் முறை நான் வேங்கைப் பலகை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"எழைக்கச் சொன்னது யாருன்னு இந்தப் பட்டறைல எல்லாருக்கும் தெரியும் மொதலாளி. நான் பக்கத்துலதான் நின்னன்."

"நீ நின்னா? நீ என்ன ஜட்ஜா? போய் ஸ்டேஷன்ல சொல்லு போ."

"காசு குடுக்க வேணாம். தப்பு அவரு பேர்ல இல்லன்னு மட்டும் அந்த வாத்தியாருக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க."

"சொல்லலன்னா?"

அவள் அங்குமிங்கும் பார்த்தாள். மேசைமேல் மெஷின் இருந்தது. வயரைச் சுற்றி, மெஷினை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிஸ்கட் டப்பாவை இன்னொரு கையில் எடுத்தாள். நாங்கள் நாலு பேர் இருந்தோம். ஒருவரும் அசையவில்லை. என் தோளில் பலகை இருந்தது, அது எனக்கு வசதியாகப் போயிற்று.

மாதவராஜ் சிரித்தார். "எடுத்துகிட்டுப் போடி. அத வெச்சு என்ன பண்ணுவ, களி கிண்டுவியா?"

"எப்ப வேணுமோ வூட்டுக்கு வந்து கேளுங்க," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

அவர் போலீசுக்குப் போகவில்லை. போனால் கூலிக் கணக்கும் வெளியே வரும். செல்போனில் பார்த்து ஒரு மெஷின் வரவழைத்தார். நாலாயிரத்துச் சொச்சம். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் நான் முன்தகட்டைக் கட்டைவிரலால் அசைத்துப் பார்த்தேன். ஆடியது. என்னை யாரும் கேட்கவில்லை.

என் மனைவியின் ஊர் காளியன் ஊருக்கு அடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் போவேன். முதல் ஞாயிறு போனபோது அவர்கள் வீட்டில் சண்டை. காளியன் ஒசூரிலிருந்து வந்திருந்தான்.

"அடுத்தவன் பொருள எடுத்துகிட்டு வந்திருக்கற. கொண்டு போய்க் குடுத்துட்டு வா."

"அவன் உன் பேர எடுத்துகிட்டுப் போனானே, அத யாரு கொண்டு வந்து குடுப்பா?"

"பேர வெச்சு என்னா பண்ணப் போற?"

"உன்ன ஒசூர் பஸ்ல ஏத்தாம வெச்சிருப்பன்."

அவள் களியுருண்டையை அவன் தட்டில் வைத்து அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றினாள். அவனால் உரிந்த விரலைக் குழம்பில் வைக்க முடியவில்லை. கரண்டி கேட்டான். களியைக் கரண்டியால் தின்கிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். முனியாயி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணா, மொதலாளி ஒரு நாளைக்கு இந்த வாசலுக்கு வரணும். அதுவரைக்கும் நான் இந்த மெஷின வுட மாட்டன்," என்றாள்.

காளியன் இல்லாத நாட்களில் அவளே மாமரத் துண்டுகளில் காடி போட்டுப் பழகினாள். காலையில்தான் வேலை. சாயந்திரம் கரண்டு பலமில்லாமல் மெஷின் முனகும். முதலில் அவள் சேர்த்த பலகைகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நின்றன. அடுத்த ஞாயிறு காளியன் அதைப் பார்த்து, ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தான்.

"ஒரு பலகைய மொகத்துல வெச்சு வெட்டியிருக்கற. இன்னொண்ணத் திருப்பி முதுகுல வெச்சு வெட்டியிருக்கற. பென்சில்ல மொகத்துக்கு அடையாளம் போடு. தகடு எப்பவும் அடையாளத்து மேலதான் படியணும்."

"மொகம் எது முதுகு எதுன்னு தெரியாமத்தான் உங்க மொதலாளிகிட்ட ரெண்டு வருசம் இருந்தன்," என்றாள்.

ஐப்பசி மழை பிடித்தது. அந்த வீட்டில் விதைச்சாமையும் விதைராகியும் அடுப்புக்கு மேலே பரணில்தான் இருக்கும். புகையும் சூடும் பட்டால் பூச்சி வராது, நமத்தும் போகாது. மலைக்காரர்கள் வீட்டில் அப்படித்தான். பிஸ்கட் டப்பாவையும் அவள் அங்கேயே ஏற்றி வைத்தாள். பட்டறையில் புது மெஷினோடு வந்த பிஸ்கட் பாக்கெட் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் திறந்து கிடந்தது. மழை ஈரத்தில் அதெல்லாம் செருகுவதற்கு முன்பே ஊதிவிட்டது. காடிக்குள் போகவில்லை. சுத்தியலால் அடித்தார்கள். பலகை ஓரம் பிளந்தது.

பிளந்தது சாதாரணப் பலகையில்லை. மாதவராஜின் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் புதுவீடு கட்டி, ஞாயிற்றுக்கிழமை புகுவிழா. பெண்வீட்டுச் சீராகப் பத்துப் பேர் உட்காருகிற தேக்கு மேசை தருவதாக மாதவராஜ் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். சம்பந்தி தீர்த்தகிரிக்கு மரம் தெரியும். மரம் அறுக்கிற மில் வைத்திருந்தவர். பட்டறைக்கு வந்து, ஒட்டிய பலகைமேல் நகத்தை ஓட்டி, "என்னாங்க சம்பந்தி, ஏறி எறங்குது?" என்று கேட்டாராம். இரண்டு மேசை அப்படியே கெட்டது. மிச்சமிருந்தது ஒரு மேசைக்கான பலகைதான்.

செவ்வாய்க்கிழமை காலை மாதவராஜ் வண்டியை எடுத்தார். பின்னால் ஆறு தேக்குப் பலகை, பலகைமேல் நான். எங்கே போகிறோமென்று அவர் சொல்லவில்லை. அடிவாரத்துப் பக்கம் வண்டி திரும்பியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தூறல் முகத்தில் அடித்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

வண்டி வாசல்வரை போகாது. முந்தின இரவுதான் காளியன் வந்திருந்தான். அவன் எழுந்து வந்தான். முனியாயி கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ இரு. கொண்டாந்தவங்க எடுத்துகிட்டு வருவாங்க."

நான் ஒரு முனை, மாதவராஜ் மறுமுனை. ஆறு நடை. சேற்றில் அவருடைய செருப்பு ஒன்று மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு நடந்தார்.

"முனியாயி, பழச மறந்துரு. ஞாயித்துக்கெழம விசேசம். ஒட்டிக் குடுங்க. பழைய பாக்கி, இந்தக் கூலி, எல்லாம் இப்பவே வெக்கிறன்," என்று சட்டைப்பையில் கைவைத்தார்.

"இப்ப வேணாம். எடுக்க வரும்போது பாத்துக்கலாம்."

காளியன் அவளைப் பார்த்தான். காசுக்காக நாலு மாதம் சண்டை போட்டவள் வேண்டாமென்கிறாள். அவள் அவனிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது: "இப்ப வாங்கிட்டா நம்ம வாயி அடஞ்சு போகும்."

காளியன் பலகைகளை அடுக்கி முகம் பார்த்துப் பென்சிலால் அடையாளம் போட்டான். சாணுக்கு ஒரு கோடு, இரண்டு பலகைக்கும் சேர்த்து. முனியாயி பலகையை அழுத்திப் பிடித்தாள். மெஷினைக் கோட்டுக்கு நேராக வைத்து அழுத்தினான். எண்பது காடி. ஒவ்வொன்றும் ஒரே சத்தத்தில் விழுந்தது. தேக்குத் தூள் மழைவாசனையோடு சேர்ந்து மணத்தது. பரணிலிருந்து இறக்கிய பிஸ்கட்டுகள் புகை நிறத்தில் இருந்தன. விரலால் அழுத்தினால் உள்ளே போயின. கிளாம்ப் இல்லை. இரண்டு சட்டத்துக்கு நடுவில் பலகைகளை வைத்து ஆப்பு அடித்து இறுக்கினான். பசை மணிமணியாக வெளியே வந்தது. முனியாயி ஈரத்துணியால் துடைத்தாள். மாதவராஜ் ஒற்றைச் செருப்போடு நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானமே வண்டி திரும்ப வந்தது. இந்த முறை சம்பந்தி தீர்த்தகிரியும் கூட வந்தார். வேலை எப்படி நடக்கிறதென்று பார்க்க வேண்டுமாம். அவர் குனிந்து நகத்தால் ஒட்டுமேல் ஓட்டினார். எங்கும் தட்டவில்லை. நிமிர்ந்து காளியனைப் பார்த்தார்.

"நல்ல கை," என்றார்.

மாதவராஜுக்குப் பெருமை வந்துவிட்டது. "ஏத்துங்கடா. பட்டறைல போட்டு இன்னிக்கே இழைச்சிரலாம்."

"வெள்ளிக்கெழம வாங்க," என்றாள் முனியாயி.

"என்னாது?"

"வெள்ளிக்கெழம. மூணு நாள் காயணும்."

"ஏய், ஞாயித்துக்கெழம விசேசம். பாலீஷ் எப்பப் போடறது? ஒட்டி முடிஞ்சுது, எடு."

"எடுக்க வுட மாட்டன். ஆப்புல கை வெச்சீங்கன்னா நடக்கறதே வேற."

தீர்த்தகிரி குறுக்கே வந்தார். "இரும்மா. ஏன் மூணு நாளு? பசை ஒரு நாள்ல காஞ்சிருமே?"

காளியன் வாயைத் திறந்தான். முனியாயி அவன் கையைப் பிடித்தாள்.

"மொதலாளியக் கேளுங்க. அவருக்குத் தெரியும்."

மாதவராஜ் மலையைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார். "சும்மா ஏதோ சொல்றா. வாங்க சம்பந்தி, போலாம்."

"சும்மான்னா இப்பவே எடுத்துகிட்டுப் போய் இழைங்க," என்றாள். "நான் தடுக்கல. சம்பந்தி வூட்டு மேசை. நீங்க சொன்னா சரிதான்." விலகி நின்று வழிவிட்டாள்.

அந்த இடத்தில்தான் அவர் மாட்டிக்கொண்டார். எடுத்துப்போய் இழைத்தால் இன்னும் ஒரு மாதத்தில் சம்பந்தி வீட்டு நடுக்கூடத்தில் நாற்பது குழி விழும். பத்துப் பேர் உட்கார்ந்து அதன்மேல் சாப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் ஏனென்று சொல்ல வேண்டும். அவர் கை ஆப்புவரை போய்த் திரும்பியது. காளியன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பார்த்தேன். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன்.

"சொல்லுங்க சம்பந்தி, ஏன்?" என்றார் தீர்த்தகிரி.

"உள்ள இருக்கற பிஸ்கட்டு ஊதி இருக்கும்," என்றார் மாதவராஜ். "அதுக்கு மேல மரமும் எழும்பி நிக்கும். ஈரத்தோட இழைச்சா அப்பறம் அமுங்கும்."

"அமுங்கினா?"

"குழி வுழும்."

தீர்த்தகிரி குனிந்து ஒட்டை இன்னொரு முறை பார்த்தார். "அந்த வாத்தியார் வூட்டு மேசை... எனக்கும் போட்டோ வந்துது. இவன் கெடுத்தான்னு சொன்னீங்களே?"

மாதவராஜ் வண்டிப் பக்கம் திரும்பினார்.

"யாரு இழைக்கச் சொன்னது?"

"நான்தான்," என்றார் மாதவராஜ். "வண்டிக்கு நேரமாச்சுன்னு நான்தான் சொன்னன்."

"சத்தமாச் சொல்லுங்க மொதலாளி," என்றாள் முனியாயி. "அவருக்குச் சென்ட்ரிங் மெஷின் சத்தத்துல காது மந்தமாயிருச்சு."

"நான்தாம்மா சொன்னன்! போதுமா?"

காளியன் உட்கார்ந்துவிட்டான். உரிந்த உள்ளங்கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அழுகிறானோ என்று நினைத்தேன். அழவில்லை. முனியாயி விடவில்லை.

"இப்ப அந்த வாத்தியாருக்குப் போன் போட்டு இதயே சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டார். சொன்னார். வாத்தியார் அந்தப் பக்கம் கத்தினது வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. மேசையை மாற்றித் தரும்வரை விட மாட்டேனென்றார். அடுத்து முனியாயி காளியனை வேண்டாமென்ற ஐந்து வீட்டுக்காரர்களின் பெயரைச் சொன்னாள். மாதவராஜ் ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். ஒருவர் எடுக்கவில்லை. அவருக்குப் பேசிப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினார். அனுப்புமுன் அவள் ஒருதரம் போட்டுக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆப்பைத் தட்டிக் கழற்றினார்கள். அங்கேயே வைத்துக் காளியன் இழைத்தான். தீர்த்தகிரி செல்போன் டார்ச்சைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெளிச்சம் தடுக்காமல் ஓடியது. தன் புதுவீட்டு அலமாரி வேலைக்கு என்று காளியனின் நம்பரை, மாதவராஜ் பக்கத்தில் நிற்கும்போதே வாங்கிக்கொண்டார்.

மேசையை நாலு பேராக வண்டியில் ஏற்றினோம். மாதவராஜ் பணத்தை எடுத்தார். இந்த வேலைக்கான கூலியைக் காளியனிடம் கொடுத்தார். பழைய பாக்கியை முனியாயி கையில் எண்ணினார். முப்பத்தேழு ஐந்நூறு ரூபாய் நோட்டு, ஒரு இருநூறு.

"பதினெட்டாயிரத்து எழுநூறு. நாப்பது ரூவா சில்லற இல்ல, செல்லுல போட்டு வுடறன்."

"வேணாம்."

"இல்லம்மா, கணக்கு கணக்குதான்."

"வேணான்னு சொல்றன்ல. நாலு மாசமா எங்க கூலியத் தின்னு பழகிட்ட. ஒரேயடியா நிறுத்தினா ஒடம்புக்கு ஆவாது. நாப்பது ரூவாய நீயே வெச்சுக்க. எங்க வூட்டுல போட்டதா இருக்கட்டும்."

தீர்த்தகிரி திரும்பி வண்டியைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டார். மாதவராஜின் முகம் செங்கல் நிறமானது. உள்ளே போன முனியாயி மெஷினைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வண்டியின் முன்சீட்டில் வைத்தாள்.

"மெஷின நீங்களே வெச்சுக்குங்க. மாசாமாசம் வேலை அனுப்பறன்," என்றார் அவர் காளியனிடம்.

"எடுத்துகிட்டுப் போங்க," என்றான் காளியன். "நாங்க வேற பாத்து வாங்கிக்கறம்."

வண்டி கிளம்பியது. முதல் டீக்கடையில் மாதவராஜ் நிறுத்தினார். நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து மாற்றினார். நாலு பத்து ரூபாய்த் தாளை என்னிடம் நீட்டி, "ஓடிப்போய் அவ கைல குடுத்துட்டு வந்துரு," என்றார். அவரால் என்னைத்தான் அனுப்ப முடியும். முட்டி வலியோடு அரைமைல் நடந்தேன்.

முனியாயி வாசலில் தேக்குச் சுருளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நோட்டைக் காட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"அது கணக்குலருந்து தள்ளி வுட்ட காசு அண்ணா. திருப்பிக் கொண்டு போய் அவரு கைலயே குடு. அவரு பையில வெச்சுக்கறாரான்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

திரும்பி நடந்தேன். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தீர்த்தகிரி டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் சத்தமாகவே சொன்னேன். பதினொரு வருஷத்தில் அவரிடம் நான் சத்தமாகப் பேசியது அன்றுதான்.

"முனியாயி தள்ளி வுட்டுட்டாங்களாம். உங்களயே வெச்சுக்கச் சொன்னாங்க."

நோட்டை நீட்டினேன். நான் கையை மடக்கவில்லை. மாதவராஜ் சுற்றிலும் பார்த்தார். பிறகு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.